தேவகோட்டை பக்கம் ஒருநாள் விசுவாச வகுப்பு, அப்பத்தாவோட போயிட்டு வந்தேன் (5க்கு 4 ஸ்டார்)

"மாறுற உலகத்துல நம்ம விசுவாசம்"னு கோயில்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, சனிக்கெழம ஒருநாள் வகுப்பு, சாப்பாட்டோட 200 ரூவா. எடத்தோட பேர் வேணாம், தேவகோட்டையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. நான் தனியாத்தான் கெளம்புனேன், 86 வயசு அப்பத்தா நானும் வர்றேன்னு செருப்ப மாட்டிட்டு திண்ணையில வந்து உக்காந்துருச்சு.

மொதல்ல குறைய சொல்லிடுறேன். மைக்கு ஒரே கரகர. குடுத்த ஜெராக்ஸ்ல எழுத்து எறும்பு சைசு, அதுலயும் பாதி இங்கிலீஷு, வந்தது முக்காவாசி பெருசுக, அதுகளுக்கு எதுக்கு அது? ஃபேன் ரெண்டு ஓடல, ஆனா பழைய வீடு, கீழ ஆத்தங்குடி கல்லு, அப்பத்தா செருப்ப கழட்டிட்டு பாதத்த தரையில வச்சுக்கிட்டு சொகமா இருந்துச்சு. சாப்பாடு சுமார், வெண்டைக்கா மண்டி மட்டும் ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனேன்.

வகுப்பு எடுத்த ஃபாதர் சின்ன வயசு. கத்தோலிக்க சபை மாறவே மாறாதுன்னு நெனைக்கிறோம்ல, எங்கெங்க மாறிச்சுன்னு எடுத்து வச்சாரு. 1962ல இருந்து 65 வரைக்கும் ஆயருக எல்லாம் கூடி நடத்துன ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துனாலதான் பூசை லத்தீன்ல இருந்து தமிழுக்கு வந்துச்சு, தூக்குத்தண்டனைய ஒருகாலத்துல ஒத்துக்கிட்ட சபை 2018ல அது கூடவே கூடாதுன்னு மறைக்கல்வி நூலையே திருத்துச்சு, இப்புடி.

அப்புறம் லிம்போவுக்கு வந்தாரு. ஞானஸ்நானம் வாங்காம செத்த பச்சப்புள்ளைக்கு, பழங்காலத்து புனிதர் அகுஸ்தினார் கணக்குல நரகந்தான், என்ன, தண்டனை ரொம்ப லேசு. பின்னால வந்தவங்க மனசு கேக்காம வேதனை இல்லாத ஒரு தனி எடத்த சொன்னாங்க, அதுதான் லிம்போ. அது கட்டாயம் நம்பணும்னு சபை ஒருநாளும் வரையறுத்ததில்லயாம். 2007ல பாப்பரசர் 16ம் பெனடிக்ட் ஒப்புதலோட வந்த அறிக்கை, அந்தப் புள்ளைகளும் கடவுள்ட்ட போயிருக்கும்னு நம்பலாம், அதுக்கு காரணம் இருக்குன்னு சொல்லிருச்சாம்.

அப்பத்தா எந்திரிச்சுருச்சு. "சாமி, எம்புள்ளைய கல்லறை வேலிக்கு வெளிய வச்சோம். மூணாம் நாள் போயிருச்சு, தண்ணி ஊத்தல. அதுக்கு என்ன சொல்றீக?"

எனக்கே இது தெரியாது, அப்பா கூடப்பொறந்தது நாலு பேர்னுதான் கணக்கு. ஃபாதர் அறிக்கையப் பத்தியே திரும்ப ஆரம்பிச்சாரு, பாதியில நிறுத்திட்டாரு. "வெளிய வச்சது தப்புதாம்மா"ன்னாரு. மைக் இல்லாம சொன்னதால பின்னாடி இருந்தவங்க என்ன என்னன்னு கேட்டாங்க.

எனக்கு கோவம் அங்கதான். அந்த அறிக்கை வந்து எத்தன வருசமாச்சு, ஒரு ஞாயித்துக்கெழம பூசைய கூட அப்பத்தா விட்டதில்ல, கட்டட நிதி மாசாமாசம் அறிவிக்கிறாங்க, இத ஒருத்தரும் அறிவிக்கல. மாத்துறதெல்லாம் சரி, பழச நம்பி அழுதவங்க வீட்டுக்கு யாரு போய் சொல்றது? இந்த ஃபாதர் சொன்னாரு, அதுக்குத்தான் நாலு ஸ்டார்.

பஸ்ல வரும்போது அப்பத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரிய எங்க ஏத்துறதுன்னு. அந்த வேலி பக்கமெல்லாம் இப்ப ரோடு.

அடுத்த வகுப்பு பரிணாமக் கொள்கையும் ஆதாம் ஏவாளும். போறவங்க கண்ணாடி எடுத்துட்டு போங்க, முன்னாடி வரிசையில உக்காருங்க, சாயங்காலம் பஸ்ஸு கம்மி.