பி12 குறைவு: ஊசியா, மாத்திரையா, அதற்கு முன் எந்தப் பரிசோதனை?

சாளையும் நெத்திலியும் மரச்சீனிக் கிழங்கோடு அன்றாடம் தட்டில் விழும் குமரி மாவட்டத்தில், வைட்டமின் பி12 குறைவு சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு மட்டுமே வருவது என்று பலர் நம்புகிறார்கள். தக்கலை அருகே வசிக்கும் என் மாமி மீன் இல்லாமல் சோறு உண்ணாதவர். ஆனாலும் பதினொரு ஆண்டுகள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்த அவருக்கு, செருப்பு காலிலிருந்து கழன்று கிடப்பதுகூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப் போயிருந்தது. மெட்ஃபார்மின் சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்கென்று ஆண்டுக்கணக்கில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரையோ, மீனின் புரதத்திலிருந்து பி12 பிரிந்து வருவதையே தடுக்கிறது.

அவர் போன மருத்துவமனையில் முதலில் சிவப்பு நிற பி12 ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் இரத்தம் எடுத்தார்கள். அளவு மிக உயர்ந்து வந்தது. குறைவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊசிக்குப் பிறகு எடுத்த அளவு ஊசியைத்தான் காட்டுமே தவிர, அதற்கு முன் உடல் இருந்த நிலையைக் காட்டாது. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் கொடுத்துவிட வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அதே வேளையில், கால் தடுமாறும் அளவுக்கு நரம்பு பாதித்திருந்தால், இரத்தத்தை எடுத்துக்கொண்டு முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதே முறை.

இரத்தத்தில் உள்ள பி12 அளவைக் காட்டும் சீரம் பி12 பரிசோதனை எளிதில் கிடைப்பது. மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று கொள்ளலாம். 200க்கும் 300க்கும் இடைப்பட்டால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. அங்கேதான் உடலில் உருவாகும் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற பொருளை அளக்கும் பரிசோதனை உதவுகிறது. செல்களுக்கு பி12 போதாதபோது அது உயரும், ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டாலும் உயரும். இரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு பொருளும் பி12 குறைந்தால் ஏறும், ஆனால் ஃபோலிக் அமிலக் குறைவிலும் ஏறுவதால் அவ்வளவு துல்லியமானதன்று. இரத்த அணுக்களைக் கணக்கிடும் சிபிசி பரிசோதனையில் சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருந்தால் அது நல்ல துப்பு. இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்தவர்களுக்கு அந்தப் பெருக்கம் மறைந்துவிடும் என்பதால், அது இயல்பாக இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் வேண்டியதில்லை. முதலில் சீரமும் சிபிசியும், இடைப்பட்ட அளவு வந்தால் மட்டும் மெத்தில்மலோனிக் அமிலம் என்பதே செலவுக்கும் ஏற்றது.

"ஊசி போட்டாத்தான் மருந்து பிடிக்கும் மக்ளே" என்பது மாமியின் உறுதியான நம்பிக்கை. நரம்புக் கோளாறோ கடும் இரத்தசோகையோ இருக்கும்போது அவர் சொல்வது சரி: 1000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் அடுத்தடுத்தும், பிறகு வாரத்துக்கும் மாதத்துக்கும் ஒன்றாகவும் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு நாள்தோறும் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே பெரும்பாலும் போதும். பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையில் சுரக்க வேண்டிய புரதம் அறவே இல்லாதவர்களிடமும் அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோகிராம், தானாகவே குடலுக்குள் கசிந்து சேர்ந்துவிடும். ஒரு நாள் தேவையோ 2.5 மைக்ரோகிராமுக்கும் குறைவு. சில மைக்ரோகிராம் மட்டுமே உள்ள சத்துக் கேப்ஸ்யூல்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியே கொடுப்பதோ ஆபத்து. சோகை தெளிந்து முகம் தேறும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

ஊசி கேட்கப்படும் இன்னொரு குறைவான வைட்டமின் டியில், பெரிய அளவை ஒரேயடியாக ஏற்றும் ஊசிக்கு இந்த அளவு இடமில்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை வாய்வழியே மொத்தமாகக் கொடுத்த ஆய்வில், விழுதலும் எலும்பு முறிவும் கூடியதாக 2010இல் வெளிவந்தது. ஒரேயடியாகப் பெரிய அளவு தருவதைவிட, மருத்துவர் சொல்லும் சிறு அளவுகளில் எடுப்பதையே நான் ஏற்கிறேன்.

பிறகு மாமிக்கு வேறொரு மருத்துவர் மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்து, ஊசியில் தொடங்கி மாத்திரைக்கு மாற்றினார். ஆறு மாதத்தில் வலது காலுக்குச் செருப்பின் வார் தெரியத் தொடங்கியது. இடது பெருவிரல் இன்னும் மரத்தேயிருக்கிறது.