வானொலி டவர் சோதனைக்கு வந்த திருச்சிக் குழு

நாகை மாவட்டத்தில் சமுதாய வானொலி நடத்துகிறோம். எங்கள் டவர் 30 மீட்டர். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச உயரமே அதுதான். 2018-இல் கஜா புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், மழைக்காலத்துக்கு முன் சோதனை கட்டாயம்.

இந்த முறை வந்த திருச்சிக் குழு வேலை தெரிந்தவர்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகே ஏறினார்கள். பாதுகாப்புப் பட்டையின் இரண்டு கொக்கிகளில் ஒன்று எப்போதும் இரும்பில் மாட்டியே இருந்தது. முன்பு வந்தவர்கள் டவரை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர்கள் மீட்டர் வைத்து இழுவிசையை அளந்தார்கள். அப்புறம் கோணம் அளக்கும் தியோடலைட் கருவி வைத்து டவர் சாய்ந்திருக்கிறதா என்று இரண்டு திசையிலிருந்து பார்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்டே கம்பியைத் தரையோடு பிணைக்கும் நங்கூரக் கம்பி மண்ணுக்குள் போகும் இடத்தைத் தோண்டிப் பார்த்தது. உப்பு மண்ணில் துரு அங்கேதான் கண்ணில் படாமல் அரிக்கும். ஒரு கம்பி நன்றாக மெலிந்திருந்தது! பக்கத்தில் புது நங்கூரம் போட்டு, கான்கிரீட் இறுகி, பாரத்தை அதற்கு மாற்றிய பிறகே பழையதைத் தொட்டார்கள்.

குறை ஒன்றுதான்: அறிக்கையில் எந்தப் படம் எந்த உயரத்தில் எடுத்தது என்று இல்லை. அடுத்த ஆண்டு ஒப்பிட அது வேண்டும். கூப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.