பழைய பந்தய வண்டிச் சாயலில் சைக்கிள் கட்ட: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

1910களில் அமெரிக்காவின் மரப்பலகைத் தளங்களில் ஓடிய பந்தய மோட்டார் சைக்கிள்களின் சாயலைக் கொண்டுவர, 26 இன்ச் சக்கர க்ரூஸர் சைக்கிள் ஃபிரேமில் பெரும்பாலோர் பூட்டும் இன்ஜின் இரண்டில் ஒன்று: சைனா டூ ஸ்ட்ரோக் கிட், அல்லது ஹோண்டா ஜிஎக்ஸ்எச்50 போன்ற 49 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். சக்கர மையத்தில் பொருத்தும் மின்மோட்டாரான ஹப் மோட்டாரை இங்கே எடுக்கவில்லை. ஃபிரேமின் நடுவே சிலிண்டர் தெரியாவிட்டால் அந்தச் சாயலே வராது.

பார்வைக்கு டூ ஸ்ட்ரோக்தான். ஒடுக்கமான உடம்பு, வி வடிவ இடைவெளியில் கச்சிதமாக உட்காரும், பெடல் கிராங்கை மாற்ற வேண்டியதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் அகலமானது. அகலக் கிராங்க் போடாவிட்டால் பெடல் இடிக்கும். பிளாஸ்டிக் மூடியும் சிலிண்டரை மறைத்துவிடும். ஆனால் சத்தத்தில் அதுவே அசலுக்குப் பக்கம், அன்றைய பந்தய வண்டிகள் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால்.

'80 சிசி' என்று விற்கும் டூ ஸ்ட்ரோக் கிட்டின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சிசிதான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வரம்பு 50 சிசி. அங்கே 40 மி.மீ. போர் உள்ள 48 சிசி வாங்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் நிம்மதி: கால் லிட்டர் ஊற்றி, காலாகாலத்தில் மாற்றினால் போதும். டூ ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். புது இன்ஜினைப் பழக்கும் காலத்தில் லிட்டருக்கு 62 மி.லி., பிறகு 40 மி.லி. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

டூ ஸ்ட்ரோக்கின் பெரிய எதிரி அதிர்வு. கிட்டோடு வரும் போல்ட்டுகள் வலுவில்லாதவை, உறுதியான 8.8 தரத்துக்கு மாற்றி, கழலாத நட் போடுங்கள். முன்குழாய் தடித்திருந்தால் அதில் துளை போட்டு இன்ஜினைப் பிடிக்காதீர்கள், அங்கேதான் விரிசல் விடும். அகலப் பிடிப்புத் தகடு கிடைக்கிறது.

உண்மையான வேலை பின்சக்கரத்தில். கிட்டில் வரும் 44 பல் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரம்) ரப்பர் வளையங்களுக்கு நடுவே 9 போல்ட்டால் ஸ்போக் கம்பிகளோடு இறுக்குவார்கள். மையம் சற்று விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் செயின் ஒருமுறை இறுகி ஒருமுறை தொய்யும்; நாளடைவில் ஸ்போக் வளைவில் அறும், சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். ஸ்போக்கை விட்டுச் சக்கர மையமான ஹப்பையே கவ்விப் பிடிக்கும் அடாப்டர் விலை கூடுதல்தான், ஆனாலும் அதுதான் சரி. வாங்குமுன் ஹப்பின் விட்டத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள்.

செயினின் தொய்வை எடுக்கும் டென்ஷனரை இன்னும் கவனமாகப் பாருங்கள். அது நழுவி ஸ்போக்குக்குள் புகுந்தால் ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் விழுவார். செயினை அரைக் கண்ணி சேர்த்துச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்தால் டென்ஷனரே வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் கிட்டில் இன்ஜினுக்குள் இருக்கும் உள்கியர் 4.1, வெளியே இன்ஜின் பக்கம் 10 பல்லுக்குப் பின்சக்கரத்தில் 44: மொத்தம் 18-க்கு 1. 5,000 ஆர்பிஎம்மில் மணிக்குச் சுமார் 34 கி.மீ. வேகம். பின்னால் 36 பல் போட்டால் 42 வரும், ஏற்றத்தில் திணறும். எதுவானாலும் பின்பெடல் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். முன்னால் டிஸ்க் அல்லது டிரம் கட்டாயம்.

முதல் வண்டிக்கு டூ ஸ்ட்ரோக், ஹப் அடாப்டரோடு. தினமும் தூரம் ஓட்டுவதானால், தோற்றத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஃபோர் ஸ்ட்ரோக்.