பல்பா, மீற்றரா, நேரடி வயரா? உயிர் இரைத் தொட்டிப் பம்ப் நின்றால் எதை எடுப்பது

மட்டக்களப்பு பாலமீன்மடுவிலிருந்து பாரை தூண்டிலுக்குப் போகிற பைபர் போட்டில் இரைக்கு வைத்திருக்கும் சூடை மீன் உயிரோடு கிடக்க வேண்டும் என்றால் தொட்டிப் பம்ப் ஓட வேண்டும். தண்ணீர் மாறாத தொட்டியில் சூடை அதிக நேரம் தாங்காது. பம்ப் நின்றதும் புதியது வாங்க ஓடுகிறவர்கள் நிறையப் பேர். கழற்றி எறிந்த பழைய பம்பைக் கரையில் பற்றரியில் கொடுத்துப் பார்த்தால் சில வேளை அது ஜோராகச் சுற்றும். பழுது வயரில் இருந்திருக்கிறது.

கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு. நேரடி வயர்தான் வேகமானது: பியூஸ் ஒன்றை இடையில் போட்டு, பற்றரியிலிருந்து பம்புக்கு இரண்டு வயர். சுற்றினால் பம்ப் நல்லது. பல பம்புகளில் பிரவுன் வயர் பிளஸ், கறுப்பு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, தண்ணீர் ஒழுங்காக வராது. நல்ல பம்பைப் பழுது என்று அப்போதுதான் முடிவு கட்டுவார்கள். நடுக்கடலில் இந்த வழி போதும், இரையைக் காப்பாற்றலாம். ஆனால் சுவிட்சா, பியூஸ் பெட்டியா, வயர் மூட்டா என்று இது சொல்லாது.

மல்டிமீற்றர் சொல்லும், கேட்கத் தெரிந்தால். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பற்றரி, ஓய்வில் 12.6 அளவில் காட்டும். சிக்கல் வேறு இடத்தில். பம்பைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீற்றரை வைக்கிறார்கள், 12.5 காட்டுகிறது, ‘கரண்ட் வருகுது’ என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே செம்பு பச்சையாகி ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் அதே 12.5ஐத்தான் காட்டும், ஏனென்றால் மீற்றர் கரண்டையே இழுப்பதில்லை என்று சொல்லலாம். இரண்டு மூன்று ஆம்பியர் கேட்கும் பம்பை மாட்டியதும் வோல்ட் விழுந்துவிடும்.

ஆகவே பம்பை மாட்டி, சுவிட்சைப் போட்டுத்தான் அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனை பற்றரியின் பிளஸில், மறுமுனை பம்பின் பிளஸில். அங்கே வரும் எண் வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்டைத் தாண்டினால் சந்தேகம். பம்பு முனையைப் பின்னுக்கு நகர்த்தி, மூட்டு, சுவிட்ச், பியூஸ் பெட்டி என்று பற்றரி வரை வாருங்கள். எதைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, பழுது அங்கேதான். மைனஸ் பக்கத்தையும் இப்படியே. நான் மைனஸைத்தான் முதலில் பார்ப்பேன், மற்றவர்கள் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

இருந்தாலும் போட்டில் வைத்திருக்க ஒன்றைச் சொல் என்றால் பல்பைத்தான் சொல்வேன். உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்ப், இரண்டு வயர், அவ்வளவுதான். அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், சின்னப் பம்ப் இழுக்கிற அளவு. பம்பைக் கழற்றி, அதற்கு வரும் வயர் நுனியில் பல்பைக் கொடுத்தால் அழுகிய வயரில் மங்கும், அல்லது எரியவே எரியாது. எல்.ஈ.டி. டெஸ்டர் வேண்டாம், அதுவும் மீற்றர் மாதிரி ஏமாற்றும். பல்பின் குறை, உச்சி வெயிலில் வெளிச்சம் தெரியாது, கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். பற்றரி 12.6இல் நிற்கிறதா 12.1இல் நிற்கிறதா என்றும் சொல்லாது. ஆனால் உப்புக் கையால் பிடித்தாலும் கெடாது. மீற்றரோ உப்புக்காற்றில் சீக்கிரம் கண்ணை மூடிவிடும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? அதற்கும் பல்புதான். பம்பைக் கழற்றி, பியூஸ் இருந்த இடத்தில் பல்பைக் கொடுத்து சுவிட்சைப் போடுங்கள். எரிந்தால் வயர் எங்கோ ஷோட். வயரை ஆட்டிக்கொண்டே போங்கள், அணையும் இடத்தில் பிடித்துவிடலாம். எரியவில்லை என்றால் பம்பைத் திறந்து பாருங்கள். வாவித் தண்ணீரில் ஓடிய பம்பில் சாதாளையோ சிப்பித்துண்டோ விசிறியைப் பிடித்து நிறுத்தியிருக்கக்கூடும்.