மூன்று மணி மூட்டம்: ஸ்கிளீரல் லென்ஸோடு ஆறு வருடம்

போன மாதம் நான் இடது கண்ணில் போடும் ஸ்கிளீரல் காண்டாக்ட் லென்ஸ் உடைந்தது. காலையில் ப்ளஞ்சரில், அதாவது லென்ஸைப் பிடிக்கும் சின்ன ரப்பர் உறிஞ்சியில் வைத்து, சலைன் என்கிற உப்பு நீரை ஊற்றும்போது கை நழுவியது. சிங்க் விளிம்பில் பட்டு, ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு தெறித்துவிட்டது. மூன்று வருடம் ஓடிய லென்ஸ். புதிதுக்கு 31,000 ரூபாய், வந்து சேர இரண்டரை வாரம். அத்தனை நாளும் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பாடம் எடுத்தேன். அந்தச் சமயம் பார்த்து எங்கள் பள்ளி இயற்பியல் சார் வந்து நின்றார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகனுக்குக் கெரட்டோகோனஸ் என்று சொல்லியிருக்கிறார்களாம். "மேடம், நீங்க போடுற அந்தப் பெரிய லென்ஸையே அவனுக்கும் வாங்கிடலாமா?" என்று கேட்டார். அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிட்டது. சரி, எழுதியே கொடுக்கிறேன் என்றேன்.

கெரட்டோகோனஸில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைப்பது பற்றி இங்கே விளக்கப்போவதில்லை. இதைத் தேடி வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். என் கணக்கை மட்டும் சொல்கிறேன். இடது கண்ணில் கூம்பின் உச்சியில் வளைவு 61 டயாப்டர். சாதாரணக் கண்ணில் 43, 44 இருக்கும். வலது கண் அவ்வளவு மோசமில்லை. 2013-ல் இடது கண்ணுக்கு, கருவிழியை விறைப்பாக்கும் சி3ஆர் சிகிச்சை செய்துகொண்டேன். அதற்குப் பிறகு கூம்பு வளரவில்லை. ஆனால் போன பார்வையை சி3ஆர் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

நான் மேல்நிலை வகுப்புக் கணக்கு டீச்சர். கண்ணாடி போட்டுப் பார்த்த காலத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே ஒரு நிழல் கோடு தெரியும். கழித்தல் குறி சமக்குறியாகிவிடும். ஒரு மாணவி எக்ஸ் கழித்தல் 3 என்று சரியாக எழுதியிருந்ததை, எக்ஸ் சமம் 3 என்று படித்து நாலு மார்க் குறைத்துவிட்டேன். தாளைக் கொடுத்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. தாளை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விரல் நுனியால் அந்த ஒற்றைக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் ஐந்து வருடம் ரோஸ் கே லென்ஸ். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் ரோஸ் கெரட்டோகோனஸ் கண்ணுக்கென்றே வடிவமைத்தது. சின்ன, விறைப்பான லென்ஸ், கருவிழியின் மேலேயே உட்காரும். பார்வையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவளுக்கு அது வேதனை. சாக்பீஸ் தூள் ஒரு துளி உள்ளே போனால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், கண்ணில் நீர் கொட்டும். இரண்டு முறை வகுப்பிலேயே லென்ஸ் தெறித்து விழுந்து, பிள்ளைகள் பெஞ்சை நகர்த்தித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அடியில் சாஃப்ட் லென்ஸ் போட்டு அதன் மேல் இதை வைக்கும் பிக்கிபேக் முறையையும் இரண்டு மாதம் செய்து பார்த்தேன். தினமும் நாலு லென்ஸைக் கழுவ என்னால் முடியவில்லை.

அப்புறம்தான் ஸ்கிளீரல். இது கருவிழியைத் தொடுவதே இல்லை. அதைத் தாண்டிப் போய் வெள்ளைவிழியில் உட்காரும். நடுவில் சலைன் தேங்கி நிற்கும். கருவிழியின் மேடு பள்ளத்தை அந்தத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி நேராக உள்ளே போகிறது. என்னுடையது 16.5 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய சட்டைப் பித்தான் அளவு. முதன்முதலில் ட்ரையல் லென்ஸ் போட்டு நிமிர்ந்தபோது சுவரில் தொங்கிய காலண்டரில் தேதிகளுக்கு நடுவே இருந்த கோடுகளைத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே கோடு. அழுதுவிட்டேன், லென்ஸுக்குள் கண்ணீர் போய்விடுமோ என்று பயந்துகொண்டே.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று, சாக்பீஸ் தூள். ஓரம் முழுக்க இமைக்குள் பதிந்திருப்பதால் தூசி உள்ளே போக வழியில்லை. டஸ்டரைத் தட்டினாலும் சரி, ஸ்கூட்டியில் லாரிக்குப் பின்னால் போனாலும் சரி, கண் கலங்குவதில்லை. இதற்காகவே இந்த லென்ஸைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

போடுவதும் பழகிவிட்டது. ப்ளஞ்சரில் கிண்ணம் மாதிரி லென்ஸை வைத்து, சலைனை விளிம்புக்கு மேல் குமிழும்படி ஊற்ற வேண்டும். தாடை மார்பில் படும்படி குனிந்து, முகம் தரையைப் பார்க்க, இரண்டு இமையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு லென்ஸை நேர் மேலே கொண்டுபோக வேண்டும். குளிர்ச்சி தெரியும், தண்ணீர் துண்டில் சொட்டும், இமையை விட்டுவிடலாம். உள்ளே காற்றுக் குமிழ் மாட்டினால் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து. கழற்றும்போது ப்ளஞ்சரை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுக்கவே கூடாது. கீழ் ஓரத்தில் ஒட்டி, மெதுவாக நெம்பினால் காற்று புகுந்து தானாக விடும்.

இனி என் கோபம். மூட்டம். காலை ஏழு மணிக்குப் போட்டால் மதியம் வரை கண்ணாடி துடைத்த மாதிரி பளிச்சென்று இருக்கும். மூன்று மணி நெருங்கும்போது கரும்பலகைக்கு முன்னால் யாரோ நீராகாரத்தை ஊற்றி வைத்தது போல ஆகிவிடும். ஏழாவது பீரியடுக்கு முன் ஆசிரியர் அறைக்கு ஓடி, கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரண்டையும் கழற்றி, பழைய தண்ணீரைக் கொட்டி, புதிது ஊற்றிப் போட வேண்டும். எட்டு நிமிடம். ஆறு வருடமாகப் பள்ளி நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

எல்லா மூட்டமும் ஒன்றில்லை என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. லென்ஸின் வெளிப்பக்கம் படிகிற பிசுக்கு ஒரு வகை. சலைனில் நனைத்த ப்ளஞ்சர் நுனியால் கண்ணிலிருக்கும்போதே துடைத்தால் போய்விடும். இரண்டாவது, உள்ளே தேங்கிய தண்ணீர் கலங்குவது. கழற்றி நிரப்பினால் உடனே தெளியும். என் மூன்று மணி மூட்டம் இந்த ரகம். மூன்றாவதுதான் ஆபத்து: கழற்றிய பிறகும் மங்கல் போகாமல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் கருவிழி வீங்கியிருக்கலாம். அப்படி இருந்தால் அன்று லென்ஸ் போடாமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, காற்றிலிருந்துதான் ஆக்சிஜன் எடுக்கிறது. 1888-ல் சூரிச்சில் அடோல்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர் செய்த ஆரம்பகால லென்ஸ் வெறும் கண்ணாடி ஓடு. உள்ளே திராட்சைச் சர்க்கரைக் கரைசல் ஊற்றிக் கண்ணில் வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கண்ணாடிக்குள் காற்று புகாதே. காற்றை விடுகிற பிளாஸ்டிக்கில் ஸ்கிளீரல் லென்ஸை 1983-ல் ஆஸ்திரேலியாவின் டான் எசெக்கியல் செய்து காட்டிய பிறகுதான் நாள் முழுக்கப் போடுவதற்கு வழி பிறந்தது. அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். என் மூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அது ஏன் வருகிறது என்று எனக்கு முதலில் பொருத்தியவர் சொல்லவே இல்லை. "எல்லாருக்கும் வரும்மா, பழகிக்கங்க" என்றார். பத்து நிமிடம் ட்ரையல் போட்டுப் பார்த்து, பச்சைச் சாயம் விட்டு, நன்றாக இருக்கிறது என்று ஆர்டர் கொடுத்துவிட்டார். இரண்டு கண்ணுக்கும் 44,000 ரூபாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றினேன். வேறு ஊரில் வேறு ஒருவரிடம் போனபோதுதான் விஷயம் விளங்கியது. ஸ்கிளீரல் லென்ஸ் போட்ட உடனே இருக்கிற இடத்தில் நிற்காது, மணிக்கணக்கில் மெல்ல அமுங்கும். என் கண்ணில் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே போட்டவுடன் 350 மைக்ரான் இருந்த இடைவெளி, நாலு மணி நேரத்தில் 220-க்கு இறங்கியது. அவர் என்னை அங்கேயே உட்கார வைத்து, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி, மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அதோடு வெள்ளைவிழி பந்து மாதிரி உருண்டையாக இல்லை. மூக்குப் பக்கம் ஒரு மாதிரி, காதுப் பக்கம் வேறு மாதிரி. லென்ஸின் ஓரம் வட்டமாக மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பக்கம் தூக்கி நிற்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்த இடுக்கு வழியாகக் கண்ணீரின் கொழுப்பும் சளியும் உள்ளே போய்க் கலங்கும். ஓரத்தை இரண்டு திசைக்கு இரண்டு வளைவாக, டோரிக்காக, செய்து கொடுத்தார். நாளுக்கு நாலு தடவை கழற்றியது ஒரு தடவையாகக் குறைந்தது.

ஆகவே "எல்லாருக்கும் வரும்" என்பதை நான் ஏற்கவில்லை. வரலாம், அலர்ஜி உள்ளவர்களுக்குக் கூடுதலாகவும் வரலாம். ஆனால் பொருத்துகிறவர் பொறுமையாக உட்கார்ந்தால் குறைகிறது. கண்ணில் பார்த்தவள் சொல்கிறேன்.

சலைன் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிசர்வேடிவ் இல்லாத 0.9 சதவீத சலைன் மட்டும்தான் உள்ளே ஊற்றலாம், ஒருமுறை உடைத்தால் தீர்த்துவிடும் சின்ன ஆம்ப்யூல் நல்லது. மருந்துக் கடையில் கேட்டால் லென்ஸ் கழுவும் சொல்யூஷனைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், ரெண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். ஒன்றில்லை. அதிலுள்ள ரசாயனம் நாள் முழுக்கக் கருவிழியின் மேல் தேங்கி நிற்கும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவவே கூடாது. அகாந்தமீபா என்ற கிருமி வந்தால் கண்ணே போய்விடலாம்.

சாருக்கு என் பதில். மகன் கண்ணைக் கசக்குகிறானா என்று முதலில் பாருங்கள். கசக்கினால் அலர்ஜிக்கு மருந்து வாங்கி அதை நிறுத்துங்கள். கூம்பு வளர்கிறது, சி3ஆர் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். லென்ஸ் அதற்குப் பிறகு. தானம் வந்த கருவிழியிலிருந்து வளையத் துண்டு வெட்டி, கூம்பைத் தட்டையாக்க உள்ளே வைக்கும் கெய்ர்ஸ் முறை சென்னையில் டாக்டர் சூசன் ஜேக்கப் உருவாக்கியது. அது பொருந்துமா என்பதையும் கேளுங்கள். லென்ஸ் என்று வந்தால் முதலில் ரோஸ் கே போட்டுப் பார்க்கட்டும். அவன் கரும்பலகை முன்னால் நிற்கப்போவதில்லை. அதில் சமாளிக்க முடிந்தால் ஸ்கிளீரல் இப்போதைக்கு வேண்டாம். பதினேழு வயதுப் பையன் தினமும் கல்லூரியில் மூன்று மணிக்கு எங்கே போய்க் கை கழுவிக் கழற்றி மாட்டுவான்?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று கேட்பீர்கள். புது இடது லென்ஸ் வந்து பத்து நாள் ஆகிறது. அளவெல்லாம் பழையதுதான் என்கிறார்கள். மூட்டம் இப்போது பன்னிரண்டரைக்கே வருகிறது. போன வருடம் கேட்டிருந்தால் உடனே வாங்குங்கள் என்றிருப்பேன். இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. எனக்கோ இது இல்லாமல் ஒரு நாள் ஓடாது, அதுவும் உண்மை.

ஒருவேளை ஸ்கிளீரலுக்கே போவதாக இருந்தால், முன்பணம் கட்டுமுன் எத்தனை முறை மாற்றித் தருவார்கள், எத்தனை நாளுக்குள் என்பதை எழுதி வாங்குங்கள். நான் வாங்கியிருக்கிறேன், மூன்று மாதம் இருக்கிறது. சனிக்கிழமை ரிவ்யூவுக்குக் காலை பத்து மணி கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கே லென்ஸைப் போட்டுக்கொண்டு, மூட்டம் கட்டிய கண்ணோடுதான் அவர் முன்னால் போய் உட்காரப்போகிறேன்.