உயில் எழுத எது சரியான நேரம்: வீடு வாங்கிய கையோடா, கல்யாணக் கடமை முடிந்தபிறகா?

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ அரை கிரவுண்டில் வீடு வைத்திருப்பவரிடம் உயில் பேச்சை எடுத்தால், "பிள்ளைங்க கல்யாணம் முடியட்டும்" என்பார். நடுவில் ஏதாவது ஆனால் வீடு மனைவிக்குத்தானே என்ற நம்பிக்கை. அது தப்புக் கணக்கு. இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடிருக்கும் தாய் எல்லோருக்கும் சம பங்கு. பெண்ணுக்குச் சீர் செய்தாகிவிட்டது என்பதெல்லாம் செல்லாது. தாயும் பின்னால் உயில் எழுதாமல் போனால், அவர் பங்கில் இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் வந்து உட்காருவார்கள்.

அதனால் வீடு வாங்கிய கையோடு எழுதுவதே எங்கள் கட்சி. நாற்பது வயதில் எழுதினால் நிலைமை மாறிவிடுமே என்பார்கள். மாறினால் மாற்றி எழுதலாம். கடைசி உயில்தான் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. புதியதில் பழையதன் தேதியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு "ரத்து செய்கிறேன்" என்று எழுத மறக்கக்கூடாது. ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் செல்லாது. இந்துக்களுக்கு அப்படி இல்லை. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

அறுபதுக்குமேல் எழுதுவதில் ஒரு லாபம் உண்டு: எந்தப் பிள்ளை எப்படி என்று தெரிந்திருக்கும். சறுக்குவது சாட்சியில். கூட வாக்கிங் வரும் சம வயது நண்பர்கள் இருவர் கையெழுத்துப் போடுவார்கள். பின்னாளில் வழக்கு வந்தால் உயிரோடிருக்கும் சாட்சியில் ஒருவராவது கோர்ட்டில் சொல்ல வேண்டும். எழுதியவரோடு சாட்சிகள் இருவரும் போயிருந்தால் கையெழுத்தை நிரூபிக்கவே அலைச்சல். பத்துப் பதினைந்து வயது இளையவராக, சொத்தில் பங்கு பெறாதவராகப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை கடைசி வழி. கைநாட்டு, பக்கத்தில் ஒரே ஒரு மகன், அவனுக்கே முழு வீடு என்றால் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வேறு வழியில்லாவிட்டால் நினைவு தெளிவாக இருக்கிறது என்று அன்றைய தேதியில் டாக்டரிடம் எழுதி வாங்கி, அவரையே ஒரு சாட்சியாக்குங்கள். சார்பதிவாளர் நேரில் வந்து பதிவு செய்யவும் மனு போடலாம்.

"உயிலே வேண்டாம், செட்டில்மெண்ட் எழுதிடுங்க" என்பது அடுத்த யோசனை, அதாவது உயிரோடிருக்கும்போதே வீட்டைப் பத்திரம் போட்டு எழுதிக் கொடுத்துவிடுவது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. பணம் பெரிதல்ல. எழுதிய அன்றே வீடு கைமாறிவிடும். மனசு கசந்தால் தானாக ரத்து செய்ய முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போகலாம். குடியிருக்கும் வீட்டுக்கு உயில், வாடகைக்கு விட்ட இரண்டாவது வீட்டுக்கு வேண்டுமானால் செட்டில்மெண்ட். சென்னைச் சொத்து என்றால் உயில் உண்மையானது என்று கோர்ட்டில் ப்ரோபேட் (சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்று பயமுறுத்தித்தான் பலரைச் செட்டில்மெண்டுக்குத் தள்ளினார்கள். அப்படிச் சொன்ன இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு வந்தால் கோர்ட் படி ஏறத்தான் வேண்டும், அது வேறு.

எதை எழுத முடியும் என்பதையும் பாருங்கள். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் வீடு இருந்தால் மனையை எழுத முடியாது. கட்டடத்தில் உங்களுக்குள்ள உரிமை மட்டும்தான் உங்களுடையது. அரசு வீட்டு வாரியக் குடியிருப்புக்கு விற்பனைப் பத்திரம் இன்னும் வாங்கவில்லையா? அதை முதலில் முடியுங்கள்.

பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் இருக்கும்வரை நகலும் பிறருக்குத் தரமாட்டார்கள். எந்த அலுவலகம், எந்த ஆண்டு, என்ன எண் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.