பழைய பம்ப்பா, கொமன் ரெயிலா: மலையகப் பாதைக்கு எந்த டீசல்?

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் டீசல் வேன் தேடுபவர்கள் கடைசியில் இரண்டு எஞ்சின்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, பழைய டொல்பின் வேன்கள் (டொயோட்டா ஹையேஸின் பழைய வடிவம்) பலவற்றில் இருக்கும் டொயோட்டா 5எல்: 2,986 சிசி, டர்போ இல்லை, முழுக்க மெக்கானிக்கல் பம்ப். மற்றது அதற்குப் பிறகு வந்த ஹையேஸான கேடிஎச் வேனில் வரும் கேடி வரிசை: 2கேடி 2,494 சிசி, 1கேடி 2,982 சிசி, இரண்டும் டர்போ வைத்த கொமன் ரெயில், அதாவது ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, கணினி அளந்து தெளிக்கும் வகை. விலையையும் சீற்றையும் பார்த்தே பலர் முடிவெடுக்கிறார்கள். மலையில் ஓடப்போகும் வேனுக்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு: எந்த டீசலை ஊற்றப்போகிறீர்கள்? பம்ப் கெட்டால் யாரிடம் கொண்டுபோவீர்கள்?

முதலில் ஏற்றம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். 5எல் தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பியிருக்கும் எஞ்சின். கொழும்பில் செட் பண்ணிய பம்ப் மேலேயும் அதே அளவு டீசலைத் தள்ளும். எரிக்கத்தான் காற்று போதாது. கம்பளையில் சுத்தமாகக் கிளம்பிய வேன் இறம்பொடை வளைவுகளில் கறுப்புப் புகை கக்குவது இதனால்தான். இழுவை குறைகிறதே என்று பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபுல் லோட் ஸ்க்ரூவை இன்னும் உள்ளே திருப்பிக் கொடுக்கும் கராஜ்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். கூடுதல் டீசல் புகையாகப் போகும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட் சூடேறும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் வேன் தோற்கும். பெரும்பாலும் மேலேயே ஓடும் வேன் என்றால், அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் புகையைப் பார்த்து நிறுத்துவதுதான் முறை. கேடியில் இந்தத் தொல்லை இல்லை. டர்போ காற்றை அழுத்திக் கொடுக்கிறது, கணினி அதற்கேற்ப டீசலை அளக்கிறது. ஏற்றத்தில் கேடிதான் மேல், அதில் வாதமே இல்லை.

சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சின் தப்பிக்கிறது. மூடியின் ரப்பர் இறுகி, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஏற்றத்தின் நடுவில் தண்ணீர் பொங்கும். 5எல் சேர்ந்த எல் வரிசை எஞ்சின்களின் ஹெட், ஒருமுறை கொதித்தாலே வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கும் பழக்கமுள்ளது. சின்ன விலையில் ஒரு புது மூடி, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ற்: டொல்பின் வாங்கியவர் முதல் வாரத்திலேயே செய்யவேண்டிய வேலை இது.

டீசலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் 5எல்லில் திறப்பது 100 முதல் 150 பார் அழுத்தத்தில். கொமன் ரெயில் வேலை செய்வதோ ஆயிரம் பாருக்கும் மேலே. அந்த அழுத்தத்தில் ஒரு துளி தண்ணீரோ மெல்லிய தூசியோ போதும், இன்ஜெக்டரின் உள்பாகம் தேய்ந்துவிடும். 2022 எரிபொருள் நெருக்கடியில் கேனிலும் பரலிலும் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்தது; தோட்டங்களில் பரலில் வைப்பது அதற்கு முன்பே வழக்கம். மலைக்குளிரில் பாதி காலியான பரலிலும் டேங்கிலும் இரவில் ஈரம் படிந்து, அடியில் தண்ணீராகச் சேரும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இன்னும் மோசம்: பம்புக்கு உராய்வெண்ணெயே டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. 5எல் இந்தக் கொடுமைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேடி பொறுக்காது. கேடி வைத்திருப்பவர் சுப்பர் டீசலையே, விற்பனை அதிகமுள்ள பெற்றோல் செட் ஒன்றில் அடித்து, மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது.

இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை காலையில், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், பில்டருக்குக் கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, அடியிலுள்ள பிளக்கைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல். போத்தலில் அடியில் ஒரு கோடு பிரிந்து நின்றால் அது தண்ணீர். தெளிவான டீசல் வரும்வரை விட்டு, பிளக்கை இறுக்கி, கைப்பம்ப் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். டீசல் தீர்ந்து காற்றுப் பிடித்த 5எல்லில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றலாம். கொமன் ரெயிலில் அந்தப் பழக்கம் கூடவே கூடாது. ஓடும் எஞ்சினில் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தினால் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கோளாறு வந்தால்? 5எல்லில் காலையில் வெள்ளைப் புகையும் ஆட்டமும் என்றால் முதலில் குளோ பிளக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடு தரும் பிளக்) பாருங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படியும். நான்கில் ஒன்று செத்தாலும் அன்று தெரிந்துவிடும். வயரைக் கழற்றி மீற்றர் வைத்தால் நல்ல பிளக் ஒரு ஓமுக்கு அருகிலோ குறைவாகவோ காட்டும், செத்தது எதையும் காட்டாது. நோசில் சர்வீஸ், பம்ப் சீல் மாற்றுவது எல்லாம் மலையகத்துப் பெரிய டவுன்களிலேயே கைவந்த வேலை.

கேடியில் ஐட்லிங் ஏறி இறங்கினால் உடனே இன்ஜெக்டர் என்று சொல்லிச் செலவு வைப்பார்கள். அதற்கு முன் டீசல் பில்டரை மாற்றி, பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வைப் பாருங்கள். பல தடவை குற்றவாளி அதுதான். இன்ஜெக்டர்தான் என்று சந்தேகம் வலுத்தால் நான்கிலும் மிஞ்சிய டீசலைத் திருப்பியனுப்பும் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு போத்தல்களில் விட்டு, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அளவை ஒப்பிடச் சொல்லுங்கள். மற்றதைவிட மிக அதிகம் நிரம்பிய போத்தலின் இன்ஜெக்டர்தான் தேய்ந்தது.

இறக்கத்தில் இரண்டும் ஒரே ஆபத்துதான். நானுஓயா–ரதல்ல குறுக்குப் பாதை போன்ற செங்குத்தில் ஏறும் கியரிலேயே இறங்கவேண்டும். ஓட்டோ கியர் கேடிஎச் என்றால் ஓவர்டிரைவை அணைத்து, கியரை ‘2’க்கு அல்லது ‘L’க்கு இறக்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கக்கூடாது: டீசல் வாகனத்தில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தருவது எஞ்சின் சுற்றும் பம்ப், அது நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

லொறியில் தேர்வு இன்னும் சுலபம். கொழுந்து ஏற்றி தோட்டப் பாதையில் முதலாம் இரண்டாம் கியரில் ஊரும் வேலைக்கு, மெக்கானிக்கல் பம்ப் வைத்த 4டி33 எஞ்சின் மிட்சுபிஷி கன்டர் போதும். டிபிஎப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்திய புதிய லொறிகளில் புகைக்கரி எரிய நீண்ட நேரம் உயர் வெப்பம் வேண்டும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். தம்புள்ளைக்கும் பெலியகொடைக்கும் மரக்கறி ஏற்றுபவருக்கு அந்தக் குறை இல்லை, நீண்ட ஓட்டம் கரியை எரித்துவிடும்.

ஆக, மலைக்குள்ளேயே சுற்றும், எங்கேயும் டீசல் அடிக்கும் வேனுக்கு 5எல். ஆட்களை ஏற்றிக் கொழும்புக்கும் கண்டிக்கும் அடிக்கடி போகும் வேனுக்கு 1கேடி.

பழைய கேடி வாங்கப் போனால் ஒரு பரிசோதனையை விடாதீர்கள். இந்த எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வாஷர் ஒழுகினால் எரிந்த காற்று ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தார் போல் கெட்டியாகும், கரி சேர்ந்து, அடியிலுள்ள சம்பில் (ஒயில் தொட்டி) இருந்து ஒயிலை உறிஞ்சும் சல்லடையான ஸ்ட்ரெய்னரை அடைக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஒயில் பிரஷர் லைட் அணைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவுங்கள். கட்டிக் கரி ஒட்டினால் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வேன் வேண்டாம்.